ஆர்டர் வரும்வரை வாடகை வீடே போதும்

அமெரிக்க ராணுவ உதவித்தொகையில் மருத்துவமும் பல் மருத்துவமும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்,



போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அப்பா, அம்மா, மகள். மகளுக்கு ஆகஸ்டில் மருத்துவக் கல்லூரி தொடங்க இருந்தது. எச்.பி.எஸ்.பி. என்கிற அந்த ராணுவ உதவித்தொகை கிடைத்து, வலது கையைத் தூக்கி உறுதிமொழியும் எடுத்தாயிற்று. தட்டில் வைத்த பஜ்ஜி ஆறுவதற்குள் அந்த அப்பா கைப்பேசியில் ஒரு வீட்டின் படத்தைக் காட்டினார். மூன்று படுக்கையறை, பின்பக்கம் மரத்தளம், கல்லூரியிலிருந்து பத்து நிமிடம். விலை 2,60,000 டாலர். "நாலு வருஷம் வாடகை கொடுக்கிறது தண்டம்தானே டாக்டர்? அந்தக் காசை நம்ம வீட்டுக்கே கட்டினா என்ன?" என்றார்.

தண்டம். 2005-ல் என் அப்பா சொன்னதும் இதே சொல்தான். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்குத்தான் இந்த மடல்.

எச்.பி.எஸ்.பி. திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அதைப்பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட பிள்ளைக்குத் தெரிந்த அளவு பெற்றவர்களுக்குத் தெரிவதில்லை என்பதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 1972-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் பிறந்தது இது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் நடத்துகின்றன. கல்லூரிக் கட்டணம் முழுக்க அவர்கள் பொறுப்பு. புத்தகத்துக்கும் கருவிகளுக்கும் பணம் வரும். மாதம் ஏறத்தாழ 2,800 டாலர் ஸ்டைபெண்ட். வருஷத்தில் 45 நாள் பயிற்சி. அந்த நாட்களுக்கு ஸ்டைபெண்டுக்குப் பதில் இளம் அதிகாரிக்கான சம்பளம். சேரும்போது 20,000 டாலர் போனஸும் உண்டு. நான்கு வருஷம் வாங்கினால் நான்கு வருஷம் முழுநேரப் பணியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரெசிடென்சி காலம் அந்தக் கணக்கில் கழியாது.

இத்தனைக்கும் ஈடாக நீங்கள் கொடுப்பது என்ன? உழைப்பு என்பீர்கள். எந்த டாக்டரும் உழைக்கத்தான் செய்கிறார். நீங்கள் உண்மையில் எழுதிக் கொடுத்திருப்பது, எந்த ஊரில் இருப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை. கேட்கலாம், வரிசைப்படுத்தி விருப்பம் எழுதிக் கொடுக்கலாம், நேரில் போய் நல்ல பெயர் வாங்கலாம். முடிவு உங்கள் கையில் இல்லை. வீடு வாங்குவது என்பதோ ஒரு ஊரின் மேல் பணம் கட்டுவது. ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் ஊரின் மேல் பணம் கட்டினால் அது எங்கே போய் முடியும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் படித்தது ஒஹையோவில். இரண்டாம் வருஷம் தொடங்கும் நேரம் அப்பா சொல்லி அங்கே ஒரு வீடு வாங்கினோம். அப்பா பாளையங்கோட்டையில் வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவர். வீட்டுக்காரர் தை பிறந்தால் வந்து வாடகையை ஏற்றுவதையும், கோடையில் அடிபம்பைச் சங்கிலி போட்டுப் பூட்டுவதையும் பார்த்து வளர்ந்தவர். அவருக்குச் சொந்த வீடு என்பது கணக்கு வழக்கு இல்லை, மானம். இதை எழுதும்போதும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வீட்டின் விலை 1,42,000 டாலர். அப்பாவின் சேமிப்பிலிருந்து 12,000 முன்பணம். என் ஸ்டைபெண்டை மட்டும் நம்பி வங்கி கடன் தராது என்பதால் கடன் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். வட்டி 6.25 சதவீதம். அக்டோபரில் பால் காய்ச்சினோம். அம்மா வாசலில் இருந்த சிமென்ட் படியைக் கழுவிவிட்டுப் பத்துப் புள்ளி வைத்துக் கோலம் போட்டாள். குளிரில் விரல் விறைத்து மாவு சரியாக விழவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அந்தப் படியில் அவள் குனிந்திருக்கும் படம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

2007 டிசம்பரில், ரெசிடென்சி இடம் ஒதுக்கும் ராணுவ மேட்ச் முடிவு வந்தது. சிவிலியன் மேட்ச் மார்ச்சில்தான். நமக்கு டிசம்பர் நடுவிலேயே தெரிந்துவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா பக்கத்தில் உள்ள மேடிகன் ராணுவ மருத்துவ மையம், குழந்தை மருத்துவம். நான் ஆசைப்பட்டுக் கேட்ட இடம். அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மாவும் அழுதாள். பிறகு கேட்டாள்: "அப்ப வீடு?"

பிப்ரவரியில் விற்பனைப் பலகை வைத்தோம். ஜூன் வரை பார்க்க வந்தவர்கள் மூன்றே குடும்பம். அது எப்படிப்பட்ட வருஷம் என்று உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். விற்காத வீட்டை ஒரு ஏஜென்சி மூலம் வாடகைக்கு விட்டுவிட்டு நான் மேற்கே போனேன். வாடகையில் பத்துச் சதவீதம் ஏஜென்சிக்கு. வந்தது போகக் கட்ட வேண்டிய தவணைக்கு மாதா மாதம் 180 டாலர் கையிலிருந்து போட்டேன்.

ஒரு ஜனவரி ராத்திரி. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எனக்கு நைட் டியூட்டி. எதிரே இன்குபேட்டரில் 900 கிராம் எடையில் ஒரு குழந்தை. நர்ஸ் என் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினார், விடாமல் அடிக்கிறது என்று. வாடகைக்கு இருந்தவர். ஃபர்னஸ் நின்றுவிட்டது, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறது, ஏஜென்சியில் யாரும் போன் எடுக்கவில்லை, என்ன செய்யட்டும் என்கிறார். அவர் பின்னால் அவருடைய கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது. கண் முன்னே ஒரு குழந்தை, காதில் ஒரு குழந்தை. இரண்டும் என் பொறுப்பு. அந்த ஐந்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. புது ஃபர்னஸுக்கு 3,400 டாலர் ஆனது. ஆனால் நான் அதைச் சொல்ல வரவில்லை. ரெசிடென்சியின் முதல் வருஷத்தில் ஒருத்திக்கு இருக்கும் கவனம் கொஞ்சம்தான். அதில் ஒரு பங்கை இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் நிற்கிற ஒரு வீடு தின்றுகொண்டிருந்தது.

2011-ல் 1,08,000 டாலருக்கு விற்றேன். கடனில் பாக்கி 1,20,000. தரகு வேறு. குளோசிங் மேசையில் விற்கிறவள் நான். 19,000 டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்ததும் நான்தான். அப்பாவின் 12,000 அதற்கு முன்பே போயிருந்தது. அவர் அதைப்பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"அது 2008. அந்த மாதிரி சரிவு எப்போதும் வராது" என்பீர்கள். சரிதான். அதனால்தான் சரிவே இல்லாத கணக்கு ஒன்றை அந்தக் குடும்பத்தோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்டோம். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

2,60,000 டாலர் வீட்டுக்கு 10,000 கட்டி, 2,50,000 கடன் என்று வையுங்கள். முப்பது வருஷத் தவணை, வட்டி 6.5 சதவீதம். அசலும் வட்டியுமாக மாதம் 1,580 டாலர். நான்கு வருஷத்தில் கட்டுவது ஏறத்தாழ 75,800. இதில் அசலில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று அந்த அப்பாவைக் கேட்டேன். "பாதியாவது இருக்கும்" என்றார். 12,350 டாலர். மீதி 63,000 சொச்சமும் வட்டி. முதல் வருஷங்களில் தவணை அப்படித்தான் பிரியும். வட்டி முன்னால் நிற்கும், அசல் பின்னால் வரும். வாடகை தண்டம் என்றால் இந்த வட்டி என்ன?

அந்த 12,350-ஐயாவது எடுத்துக்கொண்டு வெளியே வரலாமா என்றால், வாங்கும்போது குளோசிங் செலவு மூன்று சதவீதம் என்றாலே 7,800 டாலர். விற்கும்போது தரகும் மற்றதும் ஆறு சதவீதம் என்று வைத்தால் 15,600. இரண்டும் சேர்ந்து 23,400. நான்கு வருஷத்தில் சேர்த்த அசலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதில் சொத்து வரி இல்லை, காப்பீடு இல்லை, 20 சதவீதம் முன்பணம் போடாததற்காகக் கட்டும் மார்ட்கேஜ் இன்சூரன்ஸ் இல்லை, கூரை இல்லை, ஃபர்னஸ் இல்லை.

வீட்டு விலை ஏறினால் கணக்கு மாறும். அதை மறைக்க மாட்டேன். வருஷம் மூன்று சதவீதம் ஏறினாலும் நான்கு வருஷத்தில் 30,000-க்கு மேல் கூடும். போட்ட செலவு தேறிவிடும். ஆனால் அந்த ஏற்றத்தை நீங்கள் கையில் வாங்க வேண்டுமென்றால் நான்காம் வருஷம் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் விற்றாக வேண்டும். சிவிலியன் ஒருவர் விலை சரியில்லை என்றால் இன்னொரு வருஷம் காத்திருக்கலாம். நீங்கள் ஜூனில் கிளம்ப வேண்டும். தரைப்படை என்றால் சான் அன்டோனியோவில் அதிகாரிப் பயிற்சி, கடற்படை என்றால் நியூபோர்ட், விமானப்படை என்றால் மான்ட்கோமரி. இவற்றை முன்னாலேயே முடித்தவர்களுக்கும் ரெசிடென்சி ஜூலைக்கு முன் தொடங்கிவிடும். தேதி குறித்துவிட்டு விற்பவன் விலை பேச முடியாது. இது நம் ஊர் மாட்டுச் சந்தையிலும் தெரிந்த விஷயம்.

மூத்த மாணவர்கள் சிலர் 2020, 2021-ல் வாங்கி நல்ல லாபத்தோடு போனார்கள். அதைக் காட்டித்தான் பல பிள்ளைகள் என்னிடம் வாதாடுகிறார்கள். 2021 ஜனவரியில் முப்பது வருஷக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதத்துக்கு வந்தது. 2023 அக்டோபரில் அதுவே 7.79. முதல் வட்டியில் வாங்கி, எல்லோரும் வீட்டுக்கு அலைந்த நேரத்தில் விற்றவர்கள் அவர்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அந்தக் காலம் உங்களுக்கும் அமையும் என்று யாராலும் எழுதித் தர முடியாது.

அறைகளைச் சக மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டுத் தவணையை ஓட்டலாம் என்பது இன்னொரு யோசனை. முதல் இரண்டு வருஷம் ஓடும். மூன்றாம் வருஷம் ரொட்டேஷன் தொடங்கியதும் ஒருவர் நாற்பது மைல் தள்ளி உள்ள ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்விடுவார், ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகும். நான்காம் வருஷம் நீங்களே இருக்க மாட்டீர்கள். அந்த 45 நாள் பயிற்சியை அப்போதுதான் சான் டியாகோவிலோ போர்ட்ஸ்மத்திலோ சான் அன்டோனியோவிலோ ராணுவ ஆஸ்பத்திரிகளில் செய்வீர்கள், அங்கே இடம் கேட்டு. கோடைக் கடைசியில், கூரை ஒழுகுகிற நேரத்தில், வீட்டில் வீட்டுக்காரர் இல்லை.

இன்னொன்றையும் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரெசிடென்சி கிடைத்த ஊரில் மூன்று நான்கு வருஷம் உறுதி என்றும் நினைத்துவிடக் கூடாது. கடற்படையில் பலருக்கு முதல் வருஷப் பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டு, பொது மருத்துவ அதிகாரியாகக் கப்பலுக்கோ மரீன் படைக்கோ இரண்டு மூன்று வருஷம் அனுப்புகிறார்கள். பிறகுதான் மீதிப் பயிற்சி. சிலருக்குச் சிவிலியன் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்க அனுமதி கிடைக்கிறது. அந்த ஊர் எது என்று மார்ச் வரை தெரியாது. டிசம்பர் முடிவைப் பார்த்து ஆனந்தத்தில் அடுத்த வாரமே வீடு தேடுகிறவர்கள், கையில் இருப்பது ஒரு வருஷத்துக்கா நான்கு வருஷத்துக்கா என்று ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது வி.ஏ. லோனுக்கு வருகிறேன். நான் கேள்விப்படும் தவறுகளில் பெரியது இதில்தான். "பிள்ளை ராணுவத்தில் சேர்ந்தாச்சு, வி.ஏ. லோன் கிடைக்கும், முன்பணமே வேண்டாம்" என்று ஒருவர் சொல்ல, அதை நம்பி வீடு பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். 1944-ல் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்காகப் போட்ட சட்டத்தில் வந்த கடன் அது. இன்று பணியில் இருப்பவருக்குத் தொடர்ந்து 90 நாள் முழுநேரப் பணி முடிந்திருக்க வேண்டும். உதவித்தொகையில் படிக்கும் நீங்கள் ரிசர்வ் அதிகாரி. முழுநேரப் பணியில் இல்லை. வருஷத்துக்கு 45 நாள் போவது பயிற்சிப் பணி, அதைக் கூட்டி 90 ஆக்க முடியாது. ஆகவே படிக்கிற காலத்தில் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. முன்பணமும் மார்ட்கேஜ் இன்சூரன்ஸும் அப்பா கையெழுத்துமாக வேறு கடனைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பட்டம் வாங்கிய அன்றே நிலைமை மாறிவிடுகிறது. தரைப்படையிலும் விமானப்படையிலும் கேப்டன், கடற்படையில் லெப்டினன்ட். அந்தச் சம்பளம். அதன் மேல் ஊரைப் பொறுத்து, குடும்பத்தைப் பொறுத்து வரும் வீட்டுப்படி. அதற்கு வருமான வரியும் கிடையாது. ஜூனில் பணியில் சேர்ந்தால் செப்டம்பர் கடைசிக்குள் 90 நாள் முடியும். அப்போது முன்பணம் இல்லாமல், மார்ட்கேஜ் இன்சூரன்ஸ் இல்லாமல் கடன் கிடைக்கும். முதல்முறை வாங்கும்போது கடன் தொகையில் 2.15 சதவீதம் ஒரு கட்டணம் உண்டு. அதைக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஊர் மாறும்போது அந்தக் கடனை, தகுதியுள்ள வாங்குபவர் அதே வட்டியில் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாங்குகிறவர் முன்னாள் படைவீரர் இல்லையென்றால், அந்தக் கடன் தீரும்வரை உங்கள் தகுதியின் ஒரு பகுதி அதில் மாட்டிக்கொண்டிருக்கும்.

நான் இரண்டாவது வீட்டை இப்படித்தான் வாங்கினேன். டெக்சஸில் கில்லீனுக்கு மாற்றல் ஆன பிறகு, நான்கு வருஷம் அங்கேதான் என்று ஆர்டரில் படித்த பிறகு, மூன்று மாதம் ஒரு அபார்ட்மென்டில் இருந்து தெருத்தெருவாகப் பார்த்த பிறகு. அப்பாவிடம் ஒரு காசு கேட்கவில்லை. பால் காய்ச்சும்போது அவரைத்தான் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னேன்.

எல்லோருக்கும் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. கணவனுக்கோ மனைவிக்கோ அந்த ஊரிலேயே நிலையான வேலை இருந்து, அந்தச் சம்பளம் ஒன்றே தவணையைத் தாங்கும் என்றால் யோசிக்கலாம். பெற்றவர்களே அந்த ஊரில் குடியிருக்கப் போகிறார்கள் என்றால் அது அவர்கள் வீடு. பிள்ளை அதில் தங்கிப் படிக்கிறாள், அவ்வளவுதான். பெத்தெஸ்தாவில் உள்ள ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் கதை முற்றிலும் வேறு. அவர்கள் முதல் நாளிலிருந்தே முழுநேரப் பணியில் இருக்கும் அதிகாரிகள். சம்பளம் உண்டு, வீட்டுப்படி உண்டு, 90 நாளில் வி.ஏ. லோன் தகுதியும் வந்துவிடும். பதிலுக்கு ஏழு வருஷம் பணி. அவர்கள் வாங்கினால் நான் தடுக்க மாட்டேன், வாஷிங்டன் பக்கத்து விலையைத் தாங்க முடிந்தால். அவர்களைப் பார்த்து எச்.பி.எஸ்.பி. மாணவர் வாங்குவதுதான் கூடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். கலங்க வேண்டாம், செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். பணியில் சேரும் முன்பு வாங்கிய கடன் என்பதால், 2003-ன் படைவீரர் சிவில் பாதுகாப்புச் சட்டப்படி பணிக்காலத்தில் ஆறு சதவீதத்துக்கு மேல் வட்டி வேண்டாம் என்று கேட்கலாம். தானாக நடக்காது, ஆர்டரின் நகலோடு எழுதிக் கேட்க வேண்டும். தவணை தவறினாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டைப் பறிக்க முடியாது. வாடகைக்கு விடுவதானால் காப்பீட்டை வீட்டுக்காரர் பாலிசியாக மாற்றுங்கள். குடியிருப்பவருக்கான பாலிசியிலேயே விட்டால் விபத்து நேர்ந்தபின் வருந்துவீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுக்கிற ஆள் ஒருவரை அந்த ஊரிலேயே ஏற்பாடு செய்யுங்கள். சொந்தக்காரர் வேண்டாம், கூலி வாங்கிக்கொண்டு செய்கிறவராக இருக்கட்டும். விற்பதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் அந்த வீட்டில் குடியிருந்திருந்தால், விற்கும்போது தனி ஆளுக்கு 2,50,000 டாலர் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கான ஐந்து வருஷக் கெடுவை, வெளியூரில் பணியில் இருக்கும் படையினருக்குப் பத்து வருஷம் வரை நிறுத்தி வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்கு விற்காதீர்கள்.

அந்தப் படைவீரர் சிவில் பாதுகாப்புச் சட்டத்திலேயே வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நீங்கள் மாணவராகப் போட்ட வாடகை ஒப்பந்தத்தை, பணியில் சேரும்போது இடையிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆர்டர் நகலோடு எழுத்தில் அறிவித்தால், அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாளில் நீங்கள் விடுதலை. அபராதம் கேட்க முடியாது. வாடகைக்காரர் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம். வீட்டுக்காரருக்கு வட்டி குறையும், அவகாசம் கிடைக்கும். வெளியே போகிற வழியை மட்டும் எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை.

பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டத் தயாராக இருந்தீர்கள், பிள்ளை தானாகவே வழி பார்த்துக்கொண்டாள். அந்தப் பணத்தையாவது அவள் பேரில் ஒரு வீடாக நிறுத்திவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இதையும் நினையுங்கள். ஏதோ காரணத்தால் படிப்பு நின்றுபோனால், இதுவரை செலவழித்ததை அரசு திருப்பிக் கேட்கலாம், அல்லது வேறு பணியில் ஈடுகட்டச் சொல்லலாம். அந்த நேரத்தில் வீட்டுக் கடனும் சேர்ந்தால் சுமப்பது நீங்கள்தான். அந்த முன்பணத்தை அப்படியே வங்கியில் விட்டு வையுங்கள். மூன்றாம் வருஷம் அவள் கார் நின்றுபோகும், நான்காம் வருஷம் ஊர் ஊராகப் போக வேண்டிவரும். அப்போது கொடுங்கள்.

பிள்ளைகளே, அப்பா அம்மாவிடம் இதைச் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். அன்று எனக்கும் தைரியம் இல்லை. இந்த மடலை அவர்களிடம் கொடுங்கள். என்னோடு பேச வேண்டும் என்றால் பேசட்டும்.

அந்தப் பெண் ஆகஸ்டில் சக மாணவி ஒருத்தியோடு சேர்ந்து இரண்டு அறை ஃபிளாட் ஒன்றை எடுத்திருக்கிறாள். அவள் பங்கு 850 டாலர். அம்மா போய் வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்ததாகப் படம் அனுப்பியிருந்தார். வாடகை வீட்டு வாசலிலும் கோலம் அழகாகத்தான் இருந்தது.

டிசம்பர் முடிவு வரட்டும், ஆர்டர் கையில் கிடைக்கட்டும். ஊரின் பெயரையும் எத்தனை வருஷம் என்பதையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். டகோமாவிலும் சான் டியாகோவிலும் சான் அன்டோனியோவிலும் நம் பிள்ளைகள் பணியில் இருக்கிறார்கள். எந்தத் தெருவில் வாங்கலாம், எதில் வேண்டாம் என்று அங்கேயே இருப்பவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
முன்னாள் ராணுவக் குழந்தை மருத்துவர்,
சான் அன்டோனியோ